சம்பந்தியம்மாவின் இரண்டு கடிகாரங்கள்

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் நீ சளியோடு இருந்ததும், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதும், குளியலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டுவதும், மாப்பிள்ளை அதற்குக் கைக்குட்டையைக் கட்டி வைத்திருப்பதும் எனக்கு ஏற்கெனவே தெரியும், எல்லாம் உன் மாமியார் சொல்லித் தெரியும். ஆகவே ஆவலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. கப்பலிலிருந்து வந்து இறங்கியதும் உனக்குப் போன் செய்து "வந்து சேர்ந்தேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேனே, கோபமா என்று நீ கேட்டாயாம், அதையும் அவரிடம்தான் கேட்டாயாம். கோபம் இல்லை. வேறு ஒன்று. போனில் சொன்னால் நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். நீ என்னிடம் சொல்ல வேண்டிய பெரிய செய்தி ஒன்று, முன்பின் தெரியாத ஊரில், டவுன் பஸ்ஸில், உன் மாமியார் வாயிலிருந்து எனக்கு வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

மாப்பிள்ளை தன் அம்மாவுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தது நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. இரண்டு கட்டில் போட்ட அறை, கூடப் போக ஆள் வேண்டும், "எங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க அத்தை, வருவாங்க" என்று நீ சொன்னாயாம். என்னைக் கேட்கச் சொல்லி அவரிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் நேராகக் கேட்கவில்லை. அங்கேயே எனக்குள் ஒரு சின்ன முள் தைத்தது. சரி, போனேன். அவரோடு ஓர் அறையில் ஒரு வாரம் இருப்பது எப்படியென்றால், வானொலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நிறுத்தும் பொத்தானைத் தேடுவது போல. திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர் அல்லவா, அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னல் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "உள்துணி மட்டம் சம்பந்தி, ஏமாத்தியிருக்கான்" என்றார். மறுநாளே அறை சுத்தம் செய்யும் பெண் அவரை "மம்மி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவர் அவருக்கு மட்டும் ரொட்டியை முறுகலாகக் கொண்டுவந்தார். நான் கேட்டபோது முறுகல் முடியாது என்றவர்தான் அவர். எனக்குப் பொறாமை, மறைக்கவில்லை. ஆனால் ரொட்டிக்காகப் பொறாமைப்பட்டது வெறும் முன்னுரை. அவர் உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "கட்டெறும்பு" என்கிறார். அந்தப் பெயரை யார் கொடுத்தது அவருக்கு? மூன்று வயதில் நீ பல் டாக்டரின் விரலைக் கடித்து, அவர் கையை உதறிக்கொண்டு நின்றபோது நான் வைத்த பெயர் அது. மகளைக் கட்டிக்கொடுத்தேன், பெயரையும் சேர்த்தா கட்டிக்கொடுத்தேன்?

இனி அந்தத் துறைமுகம். கப்பல் காலையில் நின்றதும் எல்லோரும் சட்டையில் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சுற்றுலா பஸ்களுக்கு வரிசையில் நின்றார்கள். எனக்கு அது ஆகாது என்று உனக்குத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டுவிட்டு ஊரைப் பார்த்தேன் என்பது, பாட்டிலில் வந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு ஆற்றைப் பார்த்தேன் என்பது போல. குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான், பாட்டில் தண்ணீர் எவ்வளவு பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். துறைமுக வாசலுக்கு வெளியே ஒரு நிறுத்தம், அங்கிருந்து சந்தை, ஆஸ்பத்திரி, குடியிருப்பு என்று மலை ஏறிக் கடைசி நிறுத்தம் வரை ஒரே டவுன் பஸ், அதே பஸ்ஸில் திரும்புவது என்று முதல் நாளே படித்து வைத்திருந்தேன். தனியாகப் போவதாகத்தான் திட்டம். செருப்பை மாட்டும்போது சம்பந்தியம்மா கட்டிலிலிருந்து எழுந்து, "டவுன் பஸ்ஸா? நானும் வரேன். இந்தக் கப்பல்ல எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்க, யாராவது ஒருத்தர் சிடுசிடுன்னு பேசினா நல்லா இருக்கும்னு இருக்கு" என்றார். அதற்கு மேல் என்ன மறுப்பது? வாசலைத் தாண்டியதும் டாக்ஸிக்காரர்கள் மொய்த்தார்கள். அவர் அத்தனை பேரையும் பார்த்துத் தமிழிலேயே, "வேணாம்ப்பா, எங்க வீட்லயே டிரைவர் இருக்கா, உங்க வண்டி எதுக்கு" என்று கையை ஆட்டினார். கடை வண்டிக்குப் பெண் டிரைவர் வைத்திருக்கிறார் போலும், பரவாயில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு அறிவாளி பார் உன் அம்மா.

பஸ்ஸில் நடு வாசலில் ஏறி, கம்பத்தில் இருக்கும் பெட்டியில் டிக்கெட்டை நாமே நுழைத்து முத்திரை வாங்க வேண்டும். அது எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நிமிடம் நான் ஜெயித்தேன். அடுத்த நிமிடம் அவர் முன்பக்கம் நடந்து போய் டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டார், அங்கே இருந்த பெரியவர் தானாக எழுந்து இடம் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த நர்ஸ் ஒருத்தி காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஒருவர் ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மலைப்பாதை குறுகல், இரண்டு பக்கமும் வீடுகள், மாடிகளில் காயப்போட்ட சட்டைகள் பஸ்ஸின் கூரையைத் தொட்டன. எனக்கு மனசு லேசாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மா வீடுகளைப் பார்த்து, "இந்த ஊர்ல எவனும் ஜன்னலுக்கு அளவு எடுக்கறதே இல்லை போல, திரையெல்லாம் அரை முழம் தூக்கலா நிக்குது" என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். ஒரு கொண்டை ஊசித் திருப்பத்தில் பஸ் பாதி திரும்பி, பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனது. டிரைவர் ஒரே கையால் சக்கரத்தைச் சுழற்றினார். அப்போது சம்பந்தியம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "கட்டெறும்பு ஓட்டுற வண்டி இதைவிட நீளம்" என்றார். நான் ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று நினைத்து, "எல்லாரும் ஏதோ ஓட்டுறதுதான் சம்பந்தி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஏதோவா? நிஜ வண்டி சம்பந்தி, ஸ்டீயரிங் வண்டி!" என்று இரண்டு கையாலும் காற்றில் பெரிதாகச் சக்கரம் சுற்றிக் காட்டினார். கண்ணாடிக்காரர் பதறி ஒதுங்கினார். பிறகு போனை எடுத்துப் படம் காட்டினார். நீல நிறச் சட்டை, நெஞ்சில் அட்டை, குட்டை முடி, இடுப்பில் கை, பின்னால் பஸ்ஸின் முகம். அந்தப் படத்தில் நீ சிரிக்கிற சிரிப்பு எனக்கு நீ அனுப்பிய படங்கள் எதிலும் இல்லை. பஸ் ஓட்டுகிறாய் என்பது இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது, இந்தச் சிரிப்பு அவர் போனில் எத்தனை நாளாக இருக்கிறது என்பது.

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் இறங்கிச் சாப்பிடப் போனார். அங்கே ஒரு சின்னத் தேநீர்க் கடை, வெளியே இரண்டு பெஞ்சு, கீழே துறைமுகமும் எங்கள் கப்பலும். ஊரைப் பார்க்க வந்தவள் ஊரைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தெரியாதா உங்களுக்கு? நிஜமாவே தெரியாதா? அம்மாகிட்ட சொல்லிட்டேன் அத்தைன்னாளே! 'லேப்ல இப்ப இல்லம்மா, வண்டிதான் ஓட்டிட்டிருக்கேன்னு சொன்னேன் அத்தை, எங்கம்மா எல்லார் வண்டியும் அப்படித்தான் ஓடுது, உடம்பைப் பார்த்துக்கோன்னு வச்சுட்டாங்க, ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லை, அவ்வளவுதான் நான் அவங்களுக்கு'ன்னு சொல்லி அன்னிக்கு என்கிட்ட அப்படி அழுதாளே!" என்றார். எனக்கு அந்தப் போன் நன்றாக நினைவிருக்கிறது. நீ அதைத்தான் சொன்னாய், எழுத்துப் பிசகாமல் அதைத்தான் சொன்னாய். லேப்ல இப்ப இல்லை என்றால் வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று நினைத்தேன். வண்டி ஓட்டுகிறேன் என்றால், பொழுதை ஓட்டுகிறேன், குடும்பத்தை ஓட்டுகிறேன், சுமாராக இருக்கிறேன் என்று நினைத்தேன். நம் வீட்டில் யார் வண்டி ஓட்டினாலும் அது அந்த வண்டிதானே? உன் அப்பாவை யாராவது நலம் விசாரித்தால் "ஏதோ வண்டி ஓடுது" என்கிறார், அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. பஸ் என்று ஒரு சொல், இரண்டே எழுத்து, அதைச் சேர்த்திருந்தால் நான் அந்த நிமிடமே கத்தியிருப்பேன், நீயும் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பாய். அதற்குப் பிறகும் வாரா வாரம் லேப் எப்படி என்று நான் கேட்டேன், நீ "கூட்டம் ஜாஸ்திம்மா" என்றாய். நான் தெரிந்துகொண்டே குத்திக் காட்டுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். ஆய்வுக்கூடத்தில் ஏதடி கூட்டம் என்று, எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சரி, அது போகட்டும். எனக்கு எரிவது அந்த அழுகைதான். எனக்குச் சொன்னது ஒரு சொலவடை, அவருக்குச் சொன்னது முழுக் கதை. என்னால் வந்த அழுகையை என்னிடம் அல்லவா அழ வேண்டும்? அதோடு நிறுத்தினாரா? "சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை ஆனா எங்கம்மா எந்த பஸ்ஸு வருதோ அதுல ஏத்தி, கடைசி ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க அத்தை, அதுலதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது"ன்னு சொன்னாளே என்றார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டாயா?

இந்தக் கலக்கத்தில்தான் பெரிய தப்பு நடந்தது. என் போனில் சார்ஜ் படம் எடுத்தே தீர்ந்துபோயிருந்தது. மணி என்ன என்று கேட்டேன். சம்பந்தியம்மா கையைத் திருப்பிப் பார்த்து மணியைச் சொல்லி, "நிறைய நேரம் இருக்கு, இன்னொரு டீ குடிங்க" என்றார். கடைச் சுவரில் இருந்த கடிகாரம் அவர் சொன்னதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. அளவு முரண்பட்டால் எந்தக் கருவி பழுது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று பயிற்சி மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன். நான் பார்த்தது என்ன? கடைச் சுவரில் ஈ மொய்த்த கடிகாரம், அது தப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். தேநீர் பாதி குடித்தபின் கீழே கப்பல் ஒரு முறை ஊதியது. அப்போதுதான் அவர் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பது என் மண்டையில் ஏறியது. இத்தனை நாளும் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயையோ, வலது கையைப் பார்த்துட்டேன்! இடது கை கப்பல் நேரம் சம்பந்தி. வலது கை கட்டெறும்பு நேரம். எப்ப ஷிஃப்ட் முடிச்சு இறங்குவான்னு தெரிஞ்சாத்தானே போன் பண்ண முடியும்?" என்றார். கப்பல் போய்விடும் என்ற பயத்தின் நடுவிலும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த வலது கை மேல்தான் ஆத்திரம் வந்தது. உன் ஊர் நேரத்தை நான் மனக்கணக்கில் வைத்திருக்கிறேன், அவர் தோலில் கட்டியிருக்கிறார்.

பஸ்ஸுக்கு ஓடினோம். டிரைவர் அப்போதுதான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் ஆங்கிலத்தில் மரியாதையாக விளக்கினேன், அவருக்குப் புரியவில்லை. சம்பந்தியம்மா கப்பல் அட்டையை அவர் மூக்குக்கு நேராக நீட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு "பூம்ம்ம்" என்று ஊதி, கையால் டாட்டா காட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் சிரித்துக்கொண்டே ஏறச் சொல்லி, மலையிலிருந்து வண்டியை இறக்கினார். நான் இப்போது அவர் கையையும் காலையும் மட்டும் பார்த்தேன். பிரேக்கை அவர் மிதிக்கவில்லை, வருடினார். நின்ற கிழவிகள் யாரும் ஆடவில்லை. வழி மாறிப் போக அவருக்கு உரிமை கிடையாதே. அதனால் சந்தை நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டு, மீன் கூடையோடு இறங்கிய ஒரு பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் எங்களைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்த் துறைமுகத்தைக் குறுக்கே கடக்கும் படகில் ஏற்றினாள், ஊர்க்காரர்கள் அன்றாடம் போய்வரும் படகு. சைக்கிள்களுக்கும் காய்கறி மூட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தோம். பஸ்ஸிலேயே துறைமுகத்தைச் சுற்றி வந்திருந்தால் கப்பலின் முதுகைத்தான் பார்த்திருப்போம். படகு நடுத் தண்ணீரில் இருந்தபோது சம்பந்தியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "அவ எந்த நம்பர் வண்டின்னு தெரியுமா? சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார். நான் அவர் வாயைப் பொத்திவிட்டேன். உவமைக்குச் சொல்லவில்லை, என் கையால் பொத்தினேன். ஒரு வாரம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையை மெல்ல விலக்கி, "சரி, சொல்லல" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கப்பல் வரும் வரை அவர் பேசவே இல்லை. அந்த மௌனம் அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவரைக் கொஞ்சம் பிடித்தும் போனது, அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஏணியை எடுக்கப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மேல் தளத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் ராணி மாதிரி கையசைத்தார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். மனுஷர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, "டிரைவரா! மாடி பஸ்ஸா?" என்றார். அதைத் தவிர ஒரு கேள்வி இல்லை. அவருக்கும் முன்பே தெரிந்திருக்கவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். நீ படித்த படிப்பை எண்ணி எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், இருக்கிறது, கொஞ்ச நாள் இருக்கும், நீ அதைச் சரிசெய்ய முயலாதே. ஆனால் நீ சுமாராக ஓட்டுகிற ஆள் இல்லை என்றும் எனக்குத் தெரியும். தண்ணீர் குடி. இந்த வேலையில் இருப்பவர்கள் இறங்க நேரமில்லை என்று தண்ணீரைக் குறைத்து, சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள், படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வெயில் கண்ணாடி போடு. திட்டுகிற பயணியிடம் பதில் பேசாதே, நீ கடிப்பாய். குழாய்க்குக் கைக்குட்டை போதாது, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றச் சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு. இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள், விபத்தில்லாமல், நோயில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரம் இருக்கும்படி இருங்கள் என்று ஆசீர்வதிக்கிறேன்.

ஒரே ஒரு நினைவூட்டல். உன் வண்டியின் தடம் எண்ணை நான் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டால் சம்பந்தியம்மா சொல்லிவிடுவார், கேட்கமாட்டேன். அதை நீ எனக்கு எழுது. சுற்றி வளைக்காமல், சொலவடை இல்லாமல், பஸ் என்ற சொல்லைப் போட்டு எழுது. எங்கே கிளம்புகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எந்தத் திருப்பம் உனக்குப் பயம், எல்லாம் எழுது. விடுப்பு கேட்டிருக்கிறேன். நான் வந்து அதில் ஏறி, நீ முடிக்கிற இடம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். உன் மாமியார் அதில் ஏற்கெனவே ஏறிவிட்டாரா என்பதை மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்